ஒரே நாடு, ஒரே குழாய் – ஊரும் சேரியும் மட்டும் இரண்டு

நாடு ஒன்றாம். குழாயும் ஒன்றாம். ஊரும் சேரியும் மட்டும் ரெண்டாம்.

'ஒரே நாடு, ஒரே எரிவாயுக் கட்டமைப்பு' என்று தில்லி முழங்குகிறது. சுமார் 25,000 கிலோமீட்டர் குழாய் ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கிறது. அனுமதி கொடுத்த நீளம் 33,000 கிலோமீட்டரைத் தாண்டும். நாட்டின் மொத்த எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கு இன்னும் 6 சதத்தைச் சுற்றியே நிற்கிறது. 2030க்குள் அதை 15 சதமாக்கிக் காட்டுவோம் என்பது அறிவிப்பு. ஆக்கட்டும். யார் வேண்டாமென்றது? விறகுப் புகையில் கண்ணெரிந்து இருமிச் செத்தவர்களின் பிள்ளைகள் நாம். அடுப்புக்கு வாயு வருகிறது என்றால் கசக்குமா?

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் குழாய் போகும் வழியில் யார் யாரை மனிதக் கணக்கில் சேர்த்தீர்கள்? யாரைச் சேர்க்காமல் விட்டீர்கள்? ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று கத்துகிற எவரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் போட்டது யார்?

தனியார் முதலாளிகள் வந்துதான் இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பது போல ஒரு கதை இப்போது ஓடுகிறது. கதை அப்படியல்ல. 1956இல் ஓ.என்.ஜி.சி. உருவானது. 1974இல் பம்பாய் ஹை கடற்பரப்பில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெயோடு கூடவே வந்த வாயுவைக் கரைக்குக் கொண்டுவந்து பயன்படுத்தப் போதிய குழாய் இல்லாததால், நிறைய வாயுவைக் கடல் நடுவிலேயே கொளுத்திவிட்டார்கள். 1984இல் கெயில் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது போட்ட முதல் பெருங்குழாய், குஜராத்தின் ஹஜீராவில் புறப்பட்டு மத்தியப் பிரதேசத்தின் பிஜய்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூருக்குப் போனது. 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்தக் குழாயை நம்பி வரிசையாக யூரியா ஆலைகள் வந்தன. அந்தா, அவுரையா, தாத்ரி என்று மின் நிலையங்கள் வந்தன.

இதெல்லாம் எவன் அப்பன் வீட்டுக் காசு? வரிப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் பீடிக்கும் வரி கட்டியவன் பணம். கூலிக்காரன் வருமான வரி கட்டுவதில்லை என்று ஏளனம் பேசுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016இல் ஜகதீஷ்பூரிலிருந்து கிழக்கே ஹால்தியா, பொகாரோ, தாம்ரா வரை குழாயை நீட்ட முடிவெடுத்தபோதும் இதுதான் நடந்தது. திட்டச் செலவு 12,940 கோடி ரூபாய். அதில் 40 சதம், 5,176 கோடி, மத்திய அரசு கொடுத்த மானியம். வாங்குவதற்கு ஆள் சேருவதற்கு முன்பே குழாய் போட வேண்டும். ஆள் சேரும்வரை நட்டம் தாங்க வேண்டும். அந்த நட்டத்தைத் தாங்க முதலாளி வரமாட்டான். அரசுதான் தாங்கியது. லாபம் வரும் நேரத்தில் மட்டும் 'போட்டி', 'சந்தை', 'திறமை' என்ற சொற்களெல்லாம் கிளம்பி வருகின்றன.

கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் வாயுவை எடுக்க ஒரு பெரிய தனியார் நிறுவனத்துக்கு உரிமை கொடுத்தார்கள். 2009இல் வாயு வந்தது. அந்த வாயு யாருக்கு, என்ன விலைக்கு என்று அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வாயு அண்ணனுக்கும் சொந்தமில்லை, தம்பிக்கும் சொந்தமில்லை, அது மக்களுடைய சொத்து, மக்களுக்காக அரசு அதைக் காத்து நிற்கிறது. இரண்டு பணக்காரர்கள் பங்குக்கு அடித்துக்கொண்டபோதுதான் இந்த நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு 'மக்கள்' ஞாபகம் வந்தார்கள். வந்தவரை சரி. அந்தத் தீர்ப்பை நாம் பிடித்துக்கொள்வோம். பிடித்துக்கொண்டு கேட்போம்: அந்த மக்களில் சேரிக்காரன் உண்டா, இல்லையா?

காகிதத்தில் இருப்பவனே மனுஷன்

குழாய் போடுவதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 1962ஆம் ஆண்டுப் பெட்ரோலியம், கனிமக் குழாய்ப்பாதைச் சட்டம். இதன் சூட்சுமம் இதுதான்: நிலத்தை எடுப்பதில்லை. நிலத்தின் மீது 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுப்பார்கள். பட்டா உன் பேரில்தான் இருக்கும். ஆனால் அந்தத் துண்டில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, குளம் தோண்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இதற்கு இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதம். பயிரும் மரமும் அழிந்தால் அதற்குத் தனியாக. அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் 'நிலத்தில் உரிமைத் தொடர்புள்ள நபர்' ஆட்சேபணை சொல்லலாம்.

இந்த 'உரிமைத் தொடர்புள்ள நபர்' என்ற வார்த்தையில்தான் நம் கழுத்து மாட்டிக்கொள்கிறது. அந்த வயலில் முப்பது வருஷமாக நாற்று நட்டவளுக்கு என்ன தொடர்பு? சேற்றில் ஊறிப் புண்ணான அவள் கால்விரலுக்கு என்ன தொடர்பு? குழாய்க்காக அந்தப் போகம் நின்றுபோனால் பட்டாக்காரனுக்குப் பயிர் நட்ட ஈடு உண்டு. நடவும் களையெடுப்பும் அறுப்பும் போய்விட்ட அவளுக்கு? காலணா கிடையாது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவனுக்கும் இதே கதிதான்.

இன்னொரு விஷயம். இந்தச் சட்டத்தில் நல்ல வாசகமும் உண்டு. மக்கள் குடியிருக்கும் இடத்துக்குக் கீழே குழாய் போடக்கூடாது. நிலையான கட்டடம் இருக்கும் இடத்தில் போடக்கூடாது. வீட்டைச் சேர்ந்த மனையிலும் போடக்கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போடக்கூடாது. படித்தால் வயிறு குளிர்கிறது. ஆனால் வாய்க்கால் கரையில், ஏரி உள்வாயில், சாலையோரத்தில் குடிசை போட்டு மூன்று தலைமுறை வாழ்கிறவன் 'குடியிருக்கிறான்' என்று யார் எழுதுவது? வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது 'வாய்க்கால் புறம்போக்கு'. புறம்போக்கில் மனுஷன் குடியிருக்க மாட்டான். 'ஆக்கிரமிப்பாளர்' மட்டுமே இருப்பான். கீற்றுக் குடிசை 'நிலையான கட்டடம்' ஆகுமா என்று கேட்டால் அதிகாரி சிரிப்பார். மழைக்கு நிற்காத வீடு, சட்டத்துக்கு மட்டும் நிற்குமா?

சரி, பட்டா ஏன் நம் கையில் இல்லை? சோம்பேறிகள் என்பதாலா? செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, 1892இல் வெள்ளைக்கார அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. பட்டியல் சாதியாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒதுக்கியது. அந்த நிலம் எங்கே? 1994இல் அதைக் கேட்டுப் போராடியபோது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரைப் பலி கொடுத்தோம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள்.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் வந்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நிலமே இல்லாத விவசாயக் கூலியையும் குத்தகைக்காரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று முதல்முறையாக அது ஒப்புக்கொண்டது. பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் தனிப் பிரிவுகளே உண்டு. ஆனால் அதே சட்டத்தின் கடைசியில் ஒரு நான்காம் அட்டவணை. அதில் தொங்கும் பெயர்களில் ஒன்று இந்த 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டம். சமூகத் தாக்க ஆய்வு, மக்களின் ஒப்புதல் எதுவும் அதற்குப் பொருந்தாது. முன்வாசலில் வரவேற்று, கொல்லைப்புறமாக வெளியே தள்ளும் வித்தை இது. இந்த வித்தை நமக்குப் பழகியதுதான்.

தலைக்கணக்கும் இரும்பின் கனமும்

'எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன, காசு விஷயம்தானே' என்று நினைக்க வேண்டாம். இது உயிர் விஷயம். எப்படி என்று பார்ப்போம்.

வாயுக் குழாயின் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பல நாடுகளில் இதே மாதிரிக் கணக்கு. நம் நாட்டு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் அதையே பின்பற்றுகின்றன. குழாய்க்கு இரு பக்கமும் 200 மீட்டர், நீளவாக்கில் 1.6 கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு அதற்குள் எத்தனை வீடு என்று எண்ணுவார்கள். 10 வீடோ அதற்குக் கீழோ இருந்தால் முதல் வகுப்பு. 10க்கு மேல், 46க்குக் கீழ் என்றால் இரண்டாம் வகுப்பு. 46 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் வகுப்பு. மாடிக் கட்டடங்கள் நெருங்கிய நகரம் நான்காம் வகுப்பு. முதல் வகுப்பில் எஃகின் தாங்குவலுவில் 72 சதம் வரை அழுத்தம் ஏற்றலாம். இரண்டாம் வகுப்பில் 60. மூன்றில் 50. நான்கில் 40.

இதைக் கூலிக்காரன் பாஷையில் சொன்னால்: ஆள் நிறைய இருக்கும் இடத்தில் இரும்பு கனமாக இருக்கும், ஆள் இல்லாத காட்டில் மெலிசாக இருக்கும். அதே வாயு, அதே அழுத்தம், அதே ரகக் குழாய் என்றால், முதல் வகுப்பைவிட மூன்றாம் வகுப்பில் சுவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடிக்க வேண்டும். தடித்த இரும்புக்குக் காசு அதிகம். எனவே எண்ணிக்கை குறைந்தால் செலவு குறையும். புரிகிறதா?

இப்போது கேளுங்கள். சர்வே எடுக்க வந்தவர் ஊரை எண்ணினார். சேரியை எண்ணினாரா? கதவு எண் இல்லாத வீட்டை எண்ணினாரா? விதிப்படி, ஒரே கட்டடத்துக்குள் தனித்தனிக் குடும்பம் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு வீடு. மூணு சென்ட் மனைக்குள் தட்டி வைத்து மறைத்து, அண்ணன் ஒரு அடுப்பு, தம்பி ஒரு அடுப்பு, கைம்பெண்ணாகத் திரும்பிய அக்கா ஒரு அடுப்பு என்று எரிந்தால் அது மூன்று வீடு. அப்படி எண்ணினார்களா? குழாய் போட்ட பிறகும் சேரி வளரும். ஊர்க்காரன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் புது மனை வாங்கிப் போவான். நம்ம பிள்ளைக்கு எவன் மனை விற்கிறான்? அதே இடத்தில்தான் நெருக்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் இரண்டாம் வகுப்பு இடம் மூன்றாம் வகுப்பாகிவிடும். மறுபடி எண்ணி, தேவையானால் குழாயை மாற்று அல்லது அழுத்தத்தைக் குறை என்பது விதி. மறுபடி எண்ணினார்களா? எந்தப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலாவது அந்தக் கணக்கை ஒட்டியிருக்கிறார்களா?

தீண்டாமை இரும்பின் கனத்தில் வந்து நிற்கும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் முதலில் கணக்கைக் காட்டட்டும்.

பேர்தான் நகரம்

ஆந்திராவில் கோதாவரி கடலோடு கலக்கும் கோனசீமாவில் நகரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பேர்தான் நகரம்; பார்த்தால் தென்னந்தோப்பும் குடிசையும். 2014 ஜூன் 27 விடிகாலையில் அங்கே கெயில் குழாய் வெடித்தது. இரவிலேயே கசிந்த வாயு பள்ளத்தில் மூடுபனி போலத் தேங்கி நின்றது. யாரோ அடுப்பைப் பற்றவைத்தபோது பற்றிக்கொண்டது என்று அன்றைய செய்திகள் சொல்லின. 20 பேருக்கு மேல் செத்தார்கள். தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. தென்னைமரங்கள் நின்றபடி கருகின.

காரணம் என்ன? ஈரமும் கழிவும் நீக்கிய வாயுவுக்காகப் போட்ட குழாயில், தண்ணீரும் திரவமும் கலந்த வாயுவை ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே அரித்திருக்கிறது. முன்பே கசிவு கண்டு அங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஊர்ச்சனங்கள் நாற்றம் அடிக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். கேட்பாரில்லை. இதே கோனசீமாவில் பாசர்லப்பூடியில் 1995 ஜனவரியில் எண்ணெய் நிறுவனத்தின் கிணறு பற்றி 65 நாள் எரிந்தது. அந்த மண்ணுக்கு நெருப்பு புதிதல்ல.

இதற்குப் பின்னால் ஒன்று நடந்தது. 2022இல் அந்தப் பகுதி தனி மாவட்டமானது. தலித் மக்கள் கணிசமாக வாழும் மாவட்டம் என்பதால் அதற்கு அம்பேத்கர் பெயரைச் சேர்க்க அரசு முன்வந்தது. மே 24ஆம் நாள் அமலாபுரத்தில் கலவரம். மந்திரி வீட்டையே கொளுத்தினார்கள். காலடியில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் வாயுவோடு வாழப் பழகிய ஆதிக்க சாதி மனசு, தலைக்கு மேல் பெயர்ப்பலகையில் பாபாசாகேப் பெயரைத் தாங்கிக்கொள்ளவில்லை. குழாய் வெடித்துச் செத்தபோது சாதி பார்த்தா நெருப்பு பிடித்தது? பெயர் நிலைத்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் எதை ஆபத்து என்று இந்தச் சமூகம் நினைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

டெல்டாவின் அடியில்

நம் பக்கம் வருவோம். காவிரிப் படுகையில் நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் என்று எண்ணெயும் வாயுவும் எடுத்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி. கோவில் நிலம், மடத்து நிலம், மிராசுதார் நிலம் என்று யார் யார் பேரிலோ கிடக்கும் மண்ணில் உழைத்தவர்கள். அந்த மண்ணின் அடியிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் தலா 100 மெகாவாட் அளவுக்கு மின்வாரியம் டர்பைன் ஓட்டியது. தொழிற்சாலைகளுக்கும் கொடுத்தார்கள். கிணற்றடியில் இரவெல்லாம் எரியும் தீக்கொழுந்தின் வெளிச்சத்தில் நம் சேரி தெரியும். நம் சேரியில் அடுப்பு மட்டும் சுள்ளியில் எரியும்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் வயலில் ஓடியது. நியாயம் கேட்டவர்கள் மேல் தடியடி, கைது, சிறை. அதே ஆண்டு நெடுவாசல் எழுந்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய கிணறு தோண்டத் தடை. வரவேற்றோம். ஆனால் ஏற்கெனவே நடப்பதை அந்தச் சட்டம் தொடாது. குழாய்ப்பாதைக்கும் விலக்கு. அந்தச் சட்டம் காப்பாற்றும் 'வேளாண்மை'யில் கூலிக்கென்று ஒரு உரிமையும் புதிதாக முளைத்ததாகத் தெரியவில்லை.

விவசாயி என்றால் யார்?

கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள் வழியாக 310 கிலோமீட்டர் போக வேண்டும் என்று திட்டம். 20 மீட்டர் அகலத்துக்கு வயலைக் குடைந்து போகும். விவசாயிகள் கொதித்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று 2013இல் தமிழக அரசு சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. 2022 ஏப்ரலில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் நிலத்தின் நடுவே குழாய் போனால் அவன் பிழைப்பு போச்சு. பத்து சத இழப்பீடு பிச்சைக்காசு. அவன் வலி நிஜம். இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் 'விவசாயி' என்று மேடையில் சொன்னபோது யாரைச் சொன்னீர்கள்? அந்தத் தோட்டத்துச் சாளையில் குடியிருந்து, பண்ணையத்து வேலை பார்த்து, முன்கடனில் மாட்டிக்கொண்ட அருந்ததியர் அந்தச் சொல்லில் உண்டா? குழாய் போனால் அவருக்கும் வேலை போகிறதே, அவர் பெயரால் ஒரு கோரிக்கை உண்டா? வயலில் வேண்டாம், ரோட்டோரம் கொண்டுபோ என்கிறீர்கள். நியாயம். ரோட்டோரப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பது யார் என்று யோசித்தீர்களா? உங்கள் தென்னை பிழைக்க எங்கள் திண்ணை போக வேண்டுமா?

அரசுக்கு நாம் ஆக்கிரமிப்பாளர். போராட்டக்காரருக்கு நாம் கூட்டம் சேர்க்கும் தலை. கம்பெனிக்கு நாம் பள்ளம் தோண்டும் கை. மூணு பேருக்கும் நாம் தேவை. மூணு பேரின் கணக்கிலும் நாம் இல்லை. போராட வாங்க என்று கூப்பிட்டால் வருவோம். அருகில் உட்கார வைத்துக் கோரிக்கை எழுதுங்கள், வருவோம்.

யார் அடுப்பில் எரிகிறது?

2014இலிருந்து, உள்நாட்டில் எடுக்கும் மலிவான வாயுவில் முதல் பங்கு நகரத்து வீடுகளின் குழாய் அடுப்புக்கும் வண்டிகளின் சி.என்.ஜி.க்கும் என்று ஒதுக்கீட்டு வரிசையை மாற்றிவைத்தார்கள். குழாய் இணைப்பு உள்ள வீடுகள் 2024இல் சுமார் 1.3 கோடி. குழாயைத் திருப்பினால் வாயு. மாதக் கடைசியில் பில்.

கிராமத்துக்கும் சேரிக்கும் உஜ்வலா. 2016இல் தொடங்கி 10 கோடிக்கு மேல் இணைப்பு. அது குழாய் வாயு அல்ல, சிலிண்டர். நாம் பயன்படுத்தும் சிலிண்டர் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. எனவே அரபு நாட்டில் விலை ஏறினால் நம் அடுப்பு அணையும். 2023 மார்ச்சில் ஒரு சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 200 ரூபாய் குறைத்தார்கள். அக்டோபரில் உஜ்வலாக்காரருக்கு மானியம் 300 ஆனது. குறைத்த பிறகும் மொத்தமாக ஒரே நாளில் எண்ணிவைக்க வேண்டிய காசு அது. தினக்கூலிக்காரிக்கு ஒரே நாளில் அவ்வளவு காசு ஏது? இணைப்பு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் மூலையில் காலியாக நிற்கிறது. அவள் மறுபடி சுள்ளி பொறுக்கப் போகிறாள்.

நகர வாயு விநியோகத்துக்கு மாவட்டம் மாவட்டமாக ஏலம் விட்டார்கள். 25 வருஷத்துக்கு உள்கட்டமைப்புத் தனியுரிமை. ஏலத்தில் மதிப்பெண் எதற்கு? எத்தனை வீட்டு இணைப்பு, எத்தனை சி.என்.ஜி. நிலையம், எத்தனை இன்ச்-கிலோமீட்டர் இரும்புக் குழாய், என்ன கட்டணம். எந்தத் தெருவுக்கு இணைப்பு என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஊர்த்தெரு வரைக்கும் போட்டுவிட்டு இலக்கு முடிந்தது என்று கணக்குக் காட்டினால் தடுப்பதற்கு விதி இல்லை. குடிநீர்க் குழாய் எங்கே நின்றது, தெருவிளக்கு எங்கே நின்றது என்று பார்த்தவர்கள் நாம். வாயுக் குழாய் எங்கே நிற்கும் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

வேலையைப் பாருங்கள். அரசு எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி ஒதுக்கீட்டில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் 22.5 சதம் உண்டு. அதிலும் பினாமி புகுந்த கதை தனி. ஆனாலும் சட்டத்தில் இடம் இருந்தது. தனியாருக்குக் கொடுத்த நகர வாயு உரிமத்தில் அந்த இடமும் இல்லை. பள்ளம் தோண்டும் வேலைக்கு மட்டும் ஒதுக்கீடு தேவையே இல்லை. அங்கே எப்போதும் நாமே நூற்றுக்கு நூறு.

அண்ணல் சொன்ன வழி

'தலித்துகள் வளர்ச்சிக்கு எதிரி' என்று நாளை எவனாவது எழுதுவான். அவனுக்கு வரலாறு தெரியாது. 1918இலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய இளைஞர் அம்பேத்கர், நிலத்தின் மீது குவிந்து கிடக்கும் கூட்டத்தைத் தொழில்மயமாக்கல்தான் விடுவிக்கும் என்றார். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அவர் காலத்தில் உருவானது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் ஏழ்மை ஒழியாது என்று வாதாடியவர் அவர். கிராமத்தைப் பூஜித்தவர் அல்ல.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற தன் அரசியல் சட்ட வரைவில், அடிப்படைத் தொழில்கள் அரசுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். நிலமும் அரசுத் தொழிலாகி, சாதி மத வேறுபாடில்லாமல் குத்தகைக்கு விடப்பட்டால், நிலப்பிரபுவும் இருக்க மாட்டான், கூலியும் இருக்க மாட்டான் என்றார். அதாவது, தொழில் வேண்டும். அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கூடவே வேண்டும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இன்று குழாய் போடுகிறார்கள். இரண்டாம் பாதி நம் கையில் இருக்கிறது.

எனவே நாம் கேட்பவை:

ஒன்று. குழாய் போகும் ஒவ்வொரு கிராமத்திலும் சேரி உட்பட வீடுகளை எண்ணு. பட்டா இருக்கிறதா என்று பார்க்காதே, அடுப்பு எரிகிறதா என்று பார். எந்த இடம் எந்த வகுப்பு, குழாயின் தடிமன் என்ன, அழுத்தம் என்ன என்று தமிழில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணு.

இரண்டு. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்து. கூலி, வாய்மொழிக் குத்தகைக்காரர், புறம்போக்கில் குடியிருப்பவர் எல்லோரையும் 'உரிமைத் தொடர்புள்ள நபர்' என்று சேர். நின்றுபோன வேலைநாளுக்குக் கூலி கொடு.

மூன்று. ஒரு தடவை பத்து சதம் என்ற பிச்சையை நிறுத்து. குழாய் கிடக்கும் காலமெல்லாம் ஆண்டு வாடகை கொடு. அதில் ஒரு பங்கு அந்த ஊரின் நிலமற்றோருக்கு.

நான்கு. குழாய் கடக்கும் சேரிக்கு முதல் இணைப்பு. அது வரும்வரை உஜ்வலா சிலிண்டரை, நகரத்து வீட்டுக்குக் குழாயில் கொடுக்கும் அதே மலிவுக் கணக்கில், தவணையில் கொடு.

ஐந்து. தனியார் உரிமம், ஒப்பந்தம், வேலை எல்லாவற்றிலும் ஒதுக்கீடு. பள்ளத்துக்கு மட்டுமல்ல, வெல்டிங், சோதனை, கட்டுப்பாட்டு அறை, வாரியத்தின் நாற்காலி வரைக்கும்.

ஆறு. கசிவு என்று சேரியிலிருந்து ஒரு குரல் வந்தால், அன்றே ஆள் வந்து பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும். தராதவன் மேல் வழக்கு. குழாயை நாசவேலை நோக்கத்தோடு சேதப்படுத்துகிறவனுக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல் என்று 2011இல் சட்டம் திருத்தத் தெரிந்த உங்களுக்கு, குழாயை அரிக்கவிட்டு ஆளைக் கொன்ற அதிகாரிக்கு ஒரு பிரிவு எழுதத் தெரியாதா?

தோழர்களே, அடுத்த முறை உங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சள் கல் நடுகிறவர்கள் வந்தால் வேடிக்கை பார்க்காதீர்கள். வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். அதில் கோவில் இருக்கும். ஊர் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், பஸ் ஸ்டாண்டும் இருக்கும். நம்ம தெரு எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் கல்லைப் பிடுங்கவும் வேண்டாம், கலாட்டாவும் வேண்டாம். எண்ணிவிட்டு வா என்று திருப்பி அனுப்புங்கள். எண்ணும்வரை அங்கேயே நில்லுங்கள்.